நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது: சுங்கம், கலால், ஜிஎஸ்டி அலுவலகங்களின் படிநிலை

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வரிக் கணக்கில் அல்ல, முகவரியில். பதில் சரியாக இருக்கும், போய்ச் சேர்ந்த அலுவலகம் தவறாக இருக்கும். அதற்குள் கெடு முடிந்துவிடும்.

படி 1: எந்தத் துறை?

தமிழ்நாட்டில் மதுவுக்கான கலால் வரியை (உற்பத்தியின் மீது போடும் வரி) மாநில அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை பார்க்கிறது. மத்திய கலால் வேறு. 2017 ஜூலை 1-க்குப் பிறகு அது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு, புகையிலைப் பொருட்கள் என்று சுருங்கிவிட்டது. மத்திய கலால், சுங்கம், மத்திய ஜிஎஸ்டி மூன்றுக்கும் தலைமை, நிதி அமைச்சகத்தின் கீழுள்ள மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம்.

படி 2: உங்கள் சரகம் எது?

ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டேக்ஸ்பேயர்' பகுதியில் உங்கள் 15 இலக்க எண்ணை இடுங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. கீழே மத்திய அதிகார வரம்பு, மாநில அதிகார வரம்பு என இரண்டும் வரும். அதில் நிர்வாக அலுவலகம் என்று குறித்திருப்பதே உங்களுக்குரியது. மாநிலம் என்றால் வணிகவரித் துறைக்குப் போங்கள்.

மத்திய அரசு என்றால், பெரிய அலுவலகத்திலிருந்து சிறியதுவரை வரிசை இப்படி இருக்கும்: மண்டலம், ஆணையரகம், கோட்டம், சரகம். சென்னை மண்டலத்தின் தலைமை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. அதன் கீழ் சென்னை வடக்கு, தெற்கு, புறநகர், கோவை, மதுரை, சேலம், திருச்சி, புதுச்சேரி ஆணையரகங்கள். கோட்டத்துக்கு உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர், சரகத்துக்குக் கண்காணிப்பாளர். அன்றாட வேலைக்குச் சரகம் போதும்.

படி 3: நோட்டீஸில் கையெழுத்திட்டவர் யார்?

இங்கேதான் நிதானம் வேண்டும். மத்திய ஜிஎஸ்டியில் கேட்கப்படும் தொகை 10 லட்சம் வரை கண்காணிப்பாளர், 1 கோடி வரை உதவி அல்லது துணை ஆணையர், அதற்கு மேல் கூடுதல் அல்லது இணை ஆணையர். தணிக்கை ஆணையரகம் நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் தீர்ப்பளிப்பது உங்கள் பதிவு இருக்கும் ஆணையரக அதிகாரி. எனவே 'யாரிடம் பதில் தர வேண்டும்' என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு முகவரி எழுதுங்கள். உறையின் மேலுள்ள முத்திரையை நம்பி அனுப்பாதீர்கள்.

நோட்டீஸ் அசல்தானா என்பதையும் பாருங்கள். 2019 நவம்பர் 8 முதல் வாரியத்தின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி தளம் வழியாக வந்தவற்றில் அந்தத் தளத்தின் குறிப்பு எண்ணே போதும்.

படி 4: இறக்குமதி என்றால்

சுங்கத்தில் சரகம் தேடாதீர்கள், துறைமுகக் குறியீட்டைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் ஐஎன்எம்ஏஏ1, மீனம்பாக்கம் விமானச் சரக்கு வளாகம் ஐஎன்எம்ஏஏ4, தூத்துக்குடி ஐஎன்டியுடி1. பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) சென்னையில் போட்டாலும், முகமறியா மதிப்பீட்டு முறையில் அதை வேறு ஊர் அதிகாரி பார்க்கலாம். 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் 31-இல் நாடு முழுக்க வந்த முறை இது. ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தில் 'என் பில்லை யார் பார்க்கிறார்?' என்று மேசை மேசையாகக் கேட்டுப் பயனில்லை. அந்த அதிகாரி கேட்கும் கேள்விக்கான பதிலை, சுங்கத்தின் இணையதளமான ஐஸ்கேட்டிலேயே போடுங்கள். ஆவணங்களை நேரில் காட்டச் சொன்னால், துறைமுகத்திலுள்ள சுங்க உதவி மையமான துரந்த் சுவிதா மையத்துக்குப் போங்கள். சரக்குப் பரிசோதனை மட்டும் சரக்கு நிற்கும் இடத்தில்தான்.

படி 5: மேல்முறையீடு

ஜிஎஸ்டி உத்தரவுக்கு 3 மாதம், தகுந்த காரணம் காட்டினால் கூடுதலாக 1 மாதம். சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதம் முன்வைப்பு, அதாவது மேல்முறையீடு செய்ய முன்கூட்டியே கட்டும் தொகை. சுங்கத்தில் 60 நாள், காரணம் காட்டினால் 30 நாள் கூடும், முன்வைப்பு 7.5 சதவீதம். சுங்க ஆணையரே போட்ட உத்தரவுக்கு ஆணையர் (மேல்முறையீடு) என்ற அதிகாரியிடம் போக முடியாது, நேராகத் தீர்ப்பாயம்தான், 3 மாதத்துக்குள். நாள் கணக்கு உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடும். அதனால் அஞ்சல் உறையைத் தூக்கி எறியாமல், தபால் முத்திரையோடு கோப்பில் வையுங்கள்.