பார்சிலோனா: சந்துக்குள் ஒளிந்திருக்கும் சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கம்

மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் (எல்4) ஜாவ்மே I (Jaume I) நிலையத்தில் இறங்குங்கள். சான்ட் ஜாவ்மே சதுக்கத்துக்கு நடந்து, வலப்பக்கம் பிரியும் பிஸ்பே தெருவுக்குள் நுழையுங்கள். தலைக்கு மேலே செதுக்கல் வேலைப்பாடுள்ள கல்பாலம் வரும். பழையதுபோல் தெரிந்தாலும் 1928இல்தான் கட்டினார்கள். படமெடுக்கும் கூட்டம் இங்கேயே நின்றுவிடும், நீங்கள் நிற்காதீர்கள். பேராலயத்தின் பக்கவாசலுக்கு எதிரே, இடப்பக்கம் ஒரு சிறு திறந்தவெளி. அங்கிருந்து மோன்ட்ஜுயிக் டெல் பிஸ்பே என்ற ஒடுங்கிய சந்து சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கத்துக்குப் போகிறது. கூகுள் மேப்பில் மோன்ட்ஜுயிக் என்று மட்டும் தேடினால், நகரின் தென்மேற்கிலுள்ள குன்றுக்கு வழிகாட்டிவிடும். முழுப் பெயரையும் இடுங்கள்.

சதுக்கத்தின் உள்ளே எண்கோணத் தொட்டியுடன் நீரூற்று, எதிரே தேவாலயம். அதன் சுவரின் கீழ்ப்பகுதியை அருகில் போய்ப் பாருங்கள். அங்குள்ள குழிகள் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938 ஜனவரி 30 அன்று விமானங்கள் வீசிய குண்டுகளின் சிதறல்கள் பட்டவை. 42 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே ஆட்களை நிறுத்திச் சுட்ட தடம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நினைவுப் பலகையும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

பக்கத்துப் பள்ளிக்கு இந்தச் சதுக்கம்தான் விளையாட்டுத் திடல். பள்ளி நாளில் இடைவேளை நேரத்தில் போனால் அமைதி கிடைக்காது. குழந்தைகளைப் படமெடுக்கவும் கூடாது. அதிகாலையே நல்லது, நீரூற்றின் சத்தம் மட்டும் கேட்கும். குழிகளில் விரல் நுழைக்காதீர்கள், சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள்.