நான்காவது ரவுண்டில் மூச்சு வாங்கியதை எப்படிச் சரிசெய்தேன்

அமெச்சூர் குத்துச்சண்டையில் மூன்று ரவுண்டோடு முடிந்துவிடும் என்பதால் இந்தக் குறை எனக்குத் தெரியவே இல்லை. தொழில்முறைக்கு மாறி, 3 நிமிடம் சண்டை 1 நிமிடம் ஓய்வு என்று நான்கு ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்த முதல் நாளே கடைசி ரவுண்டில் கையைத் தூக்க முடியவில்லை. இத்தனைக்கும் தினமும் சங்குத்துறை கடற்கரை மணலில் முழு வேகத்தில் ஓடுகிறவன் நான்.

போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளை இறுக்கி, பல்லைக் கடிக்கிறேன். "பயத்துல மூச்ச முழுங்குத மக்கா, குத்தும்போது வெளிய விடு" என்றார் ஆசான். உண்மைதான், பயம்தான்.

அப்புறம் இரண்டு வாரம் குத்துப் பையில் பாதி பலத்தில் மட்டும் குத்தினேன், குத்துக்கு ஒரு 'உஸ்'. வாரத்தில் நான்கு நாள் ஓட்டத்தை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்குக் குறைத்து 45 நிமிடம் ஆக்கினேன். வேக ஓட்டம் இரண்டே நாள், 3 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடந்து, ஆறு முறை. மெதுவாக ஓடினால் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன், அது பெரிய தப்பு. ஓய்வு நிமிடத்தில் மூக்கால் இழுத்து நீளமாக வெளியே விடுவேன், வேறு எதையும் யோசிப்பதில்லை.

ஆறு வாரம் கழித்து அதே நான்கு ரவுண்டு. மணி அடிக்கும்வரை இரண்டு கையும் தாடையை விட்டு இறங்கவில்லை.