பாத்ரூம் லைட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றும் சேரும். அதனால் கடையில் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன் ஐ.பி. எண் (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் லைட் எந்த அளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்) என்ன என்று கேளுங்கள்.

முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள். ஐந்துக்கு ஏழடி பாத்ரூமுக்கு 800 முதல் 900 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும்; 9 வாட் எல்.இ.டி. அதைத் தரும். அடர்நிற டைல்ஸ் என்றால் 12 வாட்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் உள்ள ஐ.பி. எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஷவர் பக்கம் ஐ.பி. 65 போடுங்கள், மற்ற இடங்களில் குறைந்தது ஐ.பி. 44. திறந்த ஹோல்டரில் சாதாரண பல்பு மாட்டினால் ஈரம் உள்ளே போய் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றித் தரும் சர்க்யூட்) கெட்டுவிடும். கடலோர வீட்டில் பிளாஸ்டிக் பாடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் அவசியம். இரும்புத் திருகு துருவேறி இறுகினால், பிறகு மூடியைக் கழற்ற லைட்டையே உடைக்க வேண்டிவரும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடக் கூட நீலம் கலந்த வெள்ளையாகும். 4000 கெல்வின் நல்லது. 6500 முகத்தை வெளிறக் காட்டும்.

பலரும் தவறுவது கண்ணாடி லைட்டில்தான். சீலிங் நடுவில் ஒரே லைட் இருந்தால், கண்ணாடி முன் நிற்பவரின் தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழும். கண்குழியும் தாடைக்கடியும் இருட்டு. ஷேவ் செய்யும்போது அந்த இடத்தில்தான் முடி விட்டுப்போகும். கண்ணாடியின் இரு பக்கமும் கண் மட்டத்தில், தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில், ஒவ்வொரு லைட் வையுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் கண்ணாடிக்கு மேலே, அதன் அகலத்துக்கு நீளமான லைட். எப்படி வைத்தாலும், லைட்டின் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு 100 வரை தரும் மதிப்பெண்) 90 இருந்தால் தோலின் நிறம் சரியாகத் தெரியும்.

மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். ஸ்விட்ச் வழியாகப் போவது பேஸ் வயராக (கரண்ட் வரும் வயர்) இருக்க வேண்டும். நியூட்ரலைக் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கொடுத்திருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும்; எல்.இ.டி. இரவில் மங்கலாக மினுங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீட்டில் லைட்டுக்கு முன் அதை வாங்குங்கள்.

சுவர் லைட்டைச் சுற்றி மேலேயும் பக்கங்களிலும் மட்டும் சிலிகான் பூசுங்கள். கீழே திறந்திருந்தால்தான் பின்னால் இறங்கிய தண்ணீர் வடியும். ஒரு வாரம் கழித்து மூடிக்குள் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள்.