டி.சி. இல்லை என்று சேர்க்க மறுத்தால்

பனியன் கம்பெனி வேலைக்காகக் கோபியிலிருந்து திருப்பூருக்குக் குடி வந்தோம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில், ‘டி.சி. வந்ததும் பார்க்கலாங்க’ என்று மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சத்தம் போட்டுவிட்டு வந்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதுதான் தப்பு.

சேர்க்கை கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை, அரசு, உதவி பெறும் பள்ளிகளில் டி.சி. தாமதத்தைச் சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5. அப்படியும் சேர்க்காவிட்டால், இதை மனுவிலேயே குறிப்பிட்டு முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். கூட்டம் அள்ளும், காலையிலேயே போய்விடுங்கள்.