லீஸ் ஃபெர்ரியில் சோதனை சீக்கிரம் முடிய

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் சொந்தமாக ராஃப்டிங் (ரப்பர் படகில் ஆற்றுப் பயணம்) போகிறவர்கள், பயணம் தொடங்கும் லீஸ் ஃபெர்ரி படகுத்துறையில் சாமான்களைச் சோதிக்கும் பூங்கா ரேஞ்சர் வருவதற்கு முன்பே லைஃப் ஜாக்கெட்டுகளை உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து வைத்துவிடுங்கள். ஜாக்கெட் புதுசா பழசா என்பதைவிட, உள்ளே இருக்கும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அங்கீகார லேபிள்தான் முக்கியம். மூட்டை கட்டிய பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுவதில்தான் நேரம் போகும், வெயில் வேறு. ஆளுக்கொரு புகைப்பட அடையாள அட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதைப் பையின் அடியில் போடுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு.

லேபிள் அழிந்துபோன ஜாக்கெட்டுக்கு இந்த யோசனை உதவாது. காற்று நிரம்பி உப்பும் வகையும் வேகநீர் ஆற்றுக்கு ஆகாது. ராஃப்டிங் கம்பெனி மூலம் போகிறீர்களா? அப்போது இது வழிகாட்டியின் வேலை.