செஸ்னாவை அமுக்கி இறக்காதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பைலட் ஆசையுள்ள நாகர்கோவில், மார்த்தாண்டம் பிள்ளைகள் வெளியூர் போய்த்தான் பறக்கப் படிக்கிறார்கள். பெரும்பாலும் கையில் கிடைப்பது செஸ்னா 172 என்ற சின்ன விமானம். பலமாகத் தரையில் மோதும் விபத்துகளில் பல, இறங்க மறுக்கும் விமானத்தை அமுக்கி இறக்குவதால் வருபவை.

ஏன் மறுக்கிறது? வேகம். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு) முழுக்க இறக்கிய 172எஸ் ரகத்துக்கு, இறங்க வரும்போது 60 முதல் 70 நாட் (விமான வேகத்தின் அளவு) போதும். 65-இல் வர வேண்டியவர், "இருக்கட்டுமே" என்று 75-இல் வந்தால் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த வேகத்தில், தரையை நெருங்கியதும் விமானம் மிதந்துகொண்டே போகும். ரன்வே தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் கை யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளும். மூக்குச் சக்கரம் முதலில் இடிக்கும், மூக்கு எகிறும். திரும்பத் தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. குளச்சல் அலையில் வள்ளம் குதிப்பது போலத்தான். ஆனால் இங்கே அலையைக் கிளப்புவதே பைலட்டின் கை. இரண்டு மூன்று துள்ளலில் புரொப்பெல்லர் தரையைக் கொத்தும்.

சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, துளி பவர் கொடுத்து, பின்சக்கரங்களில் அமர விடுங்கள். பெரிதா? யோசிக்காமல் முழு த்ராட்டில் (இன்ஜின் பவர் முழுவதும்), ஃபிளாப்பை 20 டிகிரிக்கு மடக்கி, 60 நாட்டில் மறுபடி ஏற்றம். ஃபிளாப்பை ஒரே இழுப்பில் முழுக்க மடக்கினால் விமானம் கீழே அமுங்கும். இறங்குவதற்காக வைத்த டிரிம் (கை அழுத்தாமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தும் அமைப்பு) மூக்கை மேலே தூக்கும். அப்போது மட்டும் யோக்கை முன்னால் அழுத்திப் பிடிக்கத்தான் வேண்டும்.

பழகியதைவிட அகலமான ரன்வேயும் ஏமாற்றும். தாழ்வாக இருப்பதாகத் தோன்றி, உயரத்திலேயே மூக்கைத் தூக்குவீர்கள்; வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். பார்வை மூக்கின் முன்னால் அல்ல, ரன்வேயின் கடைசியில் இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு வீச்சுக் காற்றைச் சொல்லித்தர வேண்டாம். காற்று 12 நாட், வீச்சு 20 என்றால், வித்தியாசத்தில் பாதியான 4 நாட் மட்டும் இறங்கும் வேகத்தோடு கூட்டுங்கள்.

பலமாக இடித்த பிறகு "ஒன்றும் ஆகலை" என்று அடுத்த சுற்றுக்குக் கிளம்பாதீர்கள். இன்ஜினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வாலில் தகடு சுருங்கியிருக்கிறதா, புரொப்பெல்லர் நுனி உரசியிருக்கிறதா என்று இன்ஜினியர் பார்க்கட்டும். நுனி தரையில் பட்டிருந்தால், இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.