அரசு அலுவலகத்தில் களப்பணி: சமூகப்பணி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணியும், படிப்பு முடியும் தறுவாயில் ஏறத்தாழ ஒரு மாதம் ஓரிடத்தில் தொடர்ந்து பணியாற்றும் பயிற்சியும் பெரும்பாலான கல்லூரிகளில் கட்டாயம். இடம் தேடும்போது பலரும் தொண்டு நிறுவனங்களையே முதலில் நினைக்கிறார்கள். அங்கே அனுமதி விரைவில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆயினும், ஓர் ஏழைக் குடும்பம் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொண்டு நிறுவனத்தின் படியேறாமல் இருந்துவிடலாம். அங்கன்வாடியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நாடாமல் ஒரு குழந்தையை வளர்ப்பது அந்தக் குடும்பத்துக்கு அரிது. ஆகவே பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியையாவது அரசின் சுகாதார, சமூக நல அலுவலகங்களில் கழிக்குமாறு என் மாணவர்களை வற்புறுத்தி வருகிறேன். அங்கே என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அது பயனாளியின் வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசைக்குப் போய்த் திரும்பும் வழி முழுவதையும் உடன் நடந்து பாருங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சி நடத்துவதில்லை. அவை பொது சுகாதாரத் துறையின் கீழ் இயங்குகின்றன. எனவே ஊராட்சித் தலைவரும் நிலையத்து மருத்துவரும் வாய்மொழியாகச் சம்மதித்தாலும் கடிதம் மாவட்ட சுகாதார அலுவலருக்குப் போக வேண்டும். மாநகராட்சிகளில் நகர்ப்புற நிலையங்கள் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பதால் அங்கே மாநகர் நல அலுவலரை அணுக வேண்டும். அங்கன்வாடி மையங்களுக்கு மாவட்டத் திட்ட அலுவலரும் வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும், பெண்கள் நலத் திட்டங்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலரும், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் பொறுப்பானவர்கள்.

கடிதம் துறைத் தலைவரின் கையொப்பத்தோடும் கல்லூரி முத்திரையோடும், பயிற்சி தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே கொடுக்கப்பட வேண்டும். மாணவர்களின் எண்ணிக்கை, தொடக்க, முடிவுத் தேதிகள், கிழமைகள், மேற்பார்வை செய்யும் ஆசிரியரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, நோயாளிகள், பயனாளிகள் எவருடைய பெயரும் அறிக்கையில் இடம்பெறாது என்ற உறுதிமொழியையும் ஒரு வரியில் சேருங்கள். அந்த ஒரு வரி அதிகாரிகளின் தயக்கத்தைப் பெருமளவு குறைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியிட்ட முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். சில நாள் கழித்துச் சென்று, அது எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது, ந.க. எண் (கோப்புக்கு அலுவலகம் இடும் எண்) என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கையில் இருந்தால் கோப்பைத் தேடி எடுப்பது அலுவலக உதவியாளருக்குச் சில நிமிட வேலை. இல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொரு மேசையாக அலைய வேண்டியிருக்கும்.

அலுவலகங்களுக்கென்று ஒரு வாரக் கணக்கு உண்டு. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடப்பதால் மாவட்ட அலுவலர்கள் அங்கே இருப்பார்கள். அன்று கையெழுத்துக்காகப் போவது வீண். ஆனால் அனுமதி பெற்று ஒரு திங்களன்று அந்தக் கூட்டத்துக்கே போய், மனு எழுதித் தருபவரின் அருகில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் மக்கள் எந்தச் சொற்களில் வேண்டுகிறார்கள் என்பது அங்கேதான் காதில் விழும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொதுவாகச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும், புதன்கிழமை குழந்தைகளுக்கான தடுப்பூசியும் நடக்கும். வாரத்தில் இரண்டே நாள் களப்பணி என்றால், கல்லூரியிடம் பேசி இந்த இரண்டு நாள்களையே கேட்டு வாங்குவது நல்லது.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தகுதியுள்ள கர்ப்பிணிக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியை, கர்ப்பத்தைப் பதிவு செய்தல், பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி போன்ற படிகளோடு இணைத்துத் தவணைகளாக அரசு வழங்குகிறது. காகிதத்தில் பார்த்தால் எளிமையானது. கிராம சுகாதார செவிலியரோடு இரண்டு வாரம் நடந்தால்தான் முடிச்சுகள் எங்கே விழுகின்றன என்பது புலப்படும். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது விதிமுறை. அத்தனை வீடுகளுக்கும் பெரும்பாலும் ஒரே செவிலியர்தான். அவர் கர்ப்பிணியைப் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். பெண்ணின் ஆதாரில் தந்தையின் பெயரும் பிறந்த ஊர் முகவரியும் இருக்கும். குடும்ப அட்டையில் இன்னும் அவர் பெயர் சேர்ந்திருக்காது. வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்காது, அல்லது பள்ளிக்கூட நாளில் தொடங்கிய கணக்கு செயலிழந்து கிடக்கும். அவர் உடல்நிலையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் இவற்றில் ஒன்றே தவணையை நிறுத்திவிடப் போதும்.

இதைவிடப் பெரிய முடிச்சு நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு, வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். புகுந்த ஊரின் செவிலியரிடம் பதிவு. பிறந்த ஊரின் செவிலியரிடம் பரிசோதனை. பிரசவம் வேறொரு வட்டாரத்து மருத்துவமனையில். தடுப்பூசி மூன்றாம் மாதம் வரை ஓரிடத்தில், பிறகு மற்றோரிடத்தில். இரு செவிலியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் பதிவு தொடரும். இல்லாவிட்டால் அந்தப் பெண் இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் பாதியில் நிற்பாள். ஒரு மாணவர் பயனுள்ள வேலை செய்யக்கூடிய இடம் இதுதான். செவிலியரின் அனுமதியோடு, ஏழாம் மாதத்தை எட்டும் பெண்களின் பட்டியலைப் பார்த்து, யார் எந்த ஊருக்குப் போகப் போகிறார்கள் என்று வீடுதோறும் கேட்டு, அந்த விவரத்தை மறு ஊர்ச் செவிலியருக்குச் சேர்ப்பிக்க உதவலாம். மாமியார் முன்னிலையில் கேட்டால் ஒரு பதிலும், கிணற்றடியில் கேட்டால் வேறொரு பதிலும் வரும் என்பதையும் அப்போது கற்றுக்கொள்வீர்கள்.

இதே முறையில் வேறு திட்டங்களையும் பின்தொடரலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறார். கொடுத்த மாத்திரை விழுங்கப்பட்டதா, அடுப்படி டப்பாவில் சேர்கிறதா என்பதைத் தங்கிப் பேசிப் பார்ப்பவரால்தான் அறிய முடியும். அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று பொருள். அந்த அளவைப் பதிவேட்டில் எழுதிய பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று தேடிச் செல்லுங்கள்.

சில அலுவலகங்களில் மாணவர்கள் கிடைத்ததும் தேங்கிக் கிடக்கும் கணினிப் பதிவுகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மாணவிகள் இருவர் ஓர் அலுவலகத்தில் முதல் இரண்டு வாரங்களை அப்படியே கழிக்க நேர்ந்தது. அதை முற்றிலும் மறுப்பதும் முழுவதும் ஏற்பதும் தவறு. ஆள் பற்றாக்குறை உண்மையானது. பதிவேட்டில் எந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பதும் கற்க வேண்டிய பாடமே. காலையில் இரண்டு மணி நேரம் பதிவு, மீதி நேரம் களம் என்று முதல் நாளே பணிவாகக் கேளுங்கள். இயலாவிட்டால் மேற்பார்வை ஆசிரியரைப் பேசச் சொல்லுங்கள். மாணவர் வாதாடுவதைவிட அது பலன் தரும்.

இரகசியம் காப்பதில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ தொடர்புடைய குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக எடுத்த ஒரு செல்பியின் பின்னணியில் குழந்தையின் முகம் தெரிந்தாலும் அது அந்தக் குழந்தைக்குக் கேடு. எனவே களத்தில் கைப்பேசியில் படம் எடுக்கவே வேண்டாம். ஆனால் ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலை உங்களிடம் சொன்னால் அதை மறைத்து வைக்கவும் கூடாது. போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, அறிந்த எவரும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தாக வேண்டும். மாணவர் என்பதற்கு விலக்கு இல்லை. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், அன்றே மேற்பார்வை அலுவலரிடமும் ஆசிரியரிடமும் சொல்லி, அவர்களோடு சேர்ந்து புகார் செய்யுங்கள். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய எண்கள் எப்போதும் நினைவில் இருக்கட்டும். யாரிடமும் ‘இதை ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நாட்குறிப்பை அன்றன்று இரவே எழுதுங்கள். கண்டதையும், நீங்களாக ஊகித்ததையும் தனித்தனிப் பத்திகளில் எழுதினால், மாத இறுதியில் எது உண்மை, எது உங்கள் எண்ணம் என்று குழம்ப வேண்டியிருக்காது. பெயர்களுக்குப் பதில் எண்களை இடுங்கள். எண்ணுக்கு உரிய பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, நீங்கள் சென்றுவரும் வீடுகளில் எந்தத் தேதிக்குப் பிறகு வரமாட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பி வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்டிய பெண், அடுத்த புதன்கிழமையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முடியாமல் நிற்கும் மனுக்களை, எந்த ஆவணம் குறைகிறது, யார் எந்தத் தேதியில் அலுவலகத்துக்கு வரச் சொல்லப்பட்டிருக்கிறார் என்ற விவரத்தோடு ஒரே தாளில் எழுதி, கிராம சுகாதார செவிலியரிடம் நேரில் படித்துக் காட்டிக் கொடுங்கள். முடிந்தால், கடைசி நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய், இனி எது கேட்பதானாலும் இந்த அக்காவிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.